சோறும் மரத்தூளும்: சமையலறைக் கழிவில் பெல்லட் செய்யும் முறை

விடுதி, கல்யாண மண்டபம், கேண்டீன் என்று எந்தச் சமையலறையை எடுத்தாலும், அங்கே விழும் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். இதை யோசிக்காமலே, காய்ந்த தூளை அடுப்பில் எரிக்கும் சிறு குச்சிகளாக (பெல்லட்) அழுத்தித் தரும் பெல்லட் மெஷினுக்கு முன்பணம் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. மெஷின் விற்பவர்கள் காட்டும் வீடியோவில் பெல்லட் பொலபொலவென்று கொட்டும் இரண்டு நிமிடம்தான் இருக்கும். அதற்கு முந்தைய மூன்று நாள் இருக்காது.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். 100 கிலோ கழிவு, அதில் 80 கிலோ தண்ணீர், 20 கிலோ உலர்பொருள். உலர்ந்த சாப்பாட்டுக் கழிவின் எரிசக்தி கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோகலோரி. ஆக 20 கிலோவில் 90,000. இதை 12% ஈரத்துக்குக் கொண்டுவர 77 லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். ஒரு லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 70, ஆவியாக்க 540, மொத்தம் 610 கிலோகலோரி. 77 லிட்டருக்கு 47,000. விறகில் ஓடும் சாதாரண உலர்த்தி பாதி வெப்பத்தைப் புகைபோக்கி வழியாக வெளியே விட்டுவிடும் என்றால் செலவு 94,000. கிடைப்பது 90,000, செலவு 94,000. முழுக்க நெருப்பில் உலர்த்தினால் பெல்லட் செய்து பெல்லட்டையே எரித்துத் தீர்ப்பதுதான் மிச்சம்.

அதே 100 கிலோவை முதலில் பிழிந்து 60% ஈரத்துக்குக் கொண்டுவந்தால் எடை 50 கிலோவாகக் குறையும். இனி ஆவியாக்க வேண்டியது 27 லிட்டர். அதையும் வெயில் பார்த்துக்கொண்டால் எரிபொருள் செலவே கிடையாது. எனவே பிழிவதும் காயவைப்பதும்தான் இந்தத் தொழில். மெஷின் கடைசியில் ஒரு மணி நேரம் ஓடும், அவ்வளவே.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முழுக்கச் சாப்பாட்டுக் கழிவிலேயே பெல்லட் செய்ய ஆசைப்பட வேண்டாம். உப்பு, எண்ணெய், புரதம் மூன்றும் அதில் அதிகம். அடுப்பையும் கெடுக்கும், புகையையும் கெடுக்கும். மரத்தூள், கடலைத்தோல் போன்ற உலர்ந்த பொருளோடு நான்கில் ஒரு பங்காகச் சேர்த்தால் அதே கழிவு நல்ல பசையாக வேலை செய்யும். காற்றாடி ஒட்டப் பசை இல்லாத வீட்டில் சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவுவார்களே, அதே வேலைதான். வெந்த சோற்றின் மாவுச்சத்து காய்ந்த பிறகும், கொஞ்சம் ஈரமும் சூடும் பட்டால் மறுபடி பசையாகிவிடும். மரத்தூளை மட்டும் போட்டு ஓட்டினால் சின்ன மெஷினில் உதிர்ந்து போகிற பெல்லட், இந்தச் சேர்க்கையால் இறுகி நிற்கும்.

கீழே உள்ள அளவுகள் நாளுக்கு 100 கிலோ கழிவு வரும் இடத்துக்கானவை. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெருமளவு கழிவு உருவாக்குவோர் என்று பிரித்ததும் இந்த 100 கிலோ எல்லையில்தான்.

பிரிப்பது

மூன்று தொட்டி வையுங்கள். காய் நறுக்கும் இடத்தில் ஒன்று, சாப்பிட்ட தட்டு கழுவும் இடத்தில் ஒன்று, வாழை இலைக்குத் தனியாக ஒன்று.

முதல் தொட்டிதான் தங்கம். காய்த்தோல், பட்டாணித் தோல், காலிஃபிளவர் தண்டு, கீரைக்காம்பு, சோளத்தட்டை, பலாத்தோல் எதிலும் உப்பும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. டீத்தூள், காபி டிக்காஷன் சக்கை இரண்டும் இதோடு சேரட்டும். காபிச் சக்கையின் எரிசக்தி மரத்தூளைவிடக் கூடுதல். பக்கத்தில் கரும்புச்சாறு கடை இருந்தால் சக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது ஏற்கெனவே பிழிந்தது.

இரண்டாவது தொட்டி சோறு, சாம்பார், பொரியல், குழம்பு. இங்கேதான் தொல்லை அத்தனையும். உங்களிடம் சாண எரிவாயுக் கலன் மாதிரி ஒன்று இருந்தால், குழம்பாகக் கரைந்த பாகத்தை அதற்கே கொடுத்துவிடுங்கள். அதற்கு ஈரம் ஒரு குறையே இல்லை. கெட்டியான சோறு, சப்பாத்தி, இட்லி, பொரியல் மட்டும் பெல்லட்டுக்குப் போதும்.

வாழை இலை நார் நிறைந்தது. பச்சையாக அரவையில் போட்டால் நார் அரவையின் சுழல்தண்டைச் சுற்றிக்கொண்டு மோட்டார் முனகும். தனியாகக் கொடியிலோ தரையிலோ காயப்போட்டு, காய்ந்த பிறகு இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக வெட்டினால் மரத்தூளோடு சேர்க்க நல்ல சரக்கு. ஆனால் பொட்டாசியமும் சாம்பலும் அதிகம் என்பதால் மொத்தக் கலவையில் பத்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

சேரக்கூடாதவை: எலும்பு, மீன்முள், முட்டை ஓடு (மூன்றும் எரியாமல் சாம்பலாகத்தான் நிற்கும்), சாம்பார் பார்சல் பை, ரப்பர் பேண்டு, சாஸ் பாக்கெட், பல்குச்சி உறை. பிளாஸ்டிக் ஒரு துண்டு போனாலும் டையின் (மெஷினில் ரோலர் என்ற உருளை தூளை அழுத்தித் தள்ளும் துளைத்தகடு) துளையில் உருகி ஒட்டிக்கொள்ளும். பிவிசி என்றால் புகையில் அமிலம். காந்தம் வைத்துவிட்டோம், இரும்பு சிக்கிவிடும் என்று நம்பியிருக்காதீர்கள். தட்டோடு விழும் எவர்சில்வர் ஸ்பூனைக் காந்தம் பல சமயம் பிடிக்காது. ஆணி, டீ பாக்கெட்டின் ஸ்டேப்ளர் ஊசி இவற்றுக்குத்தான் காந்தம். ஸ்பூனுக்குக் கண்ணும் கையும்தான். மேஜைமேல் கொட்டி ஒருவர் பத்து நிமிடம் கிளறிப் பார்ப்பது, ஒரு ரோலர் பேரிங் மாற்றுவதைவிட மலிவு.

பிழிவதும் உப்பைக் கழற்றுவதும்

சின்ன அளவுக்கு லாரி ஜாக் போதும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தடித்த எவர்சில்வர் உருளையில் சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் துளை போட்டு, அதை ஆங்கிள் சட்டத்துக்குள் நிறுத்தி, மேலே ஒரு தடித்த தட்டு, அதன்மேல் 10 டன் ஜாக். இந்த விட்டத்தில் 10 டன் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ அழுத்தம். கழிவை ஷேட் நெட் பையில் கட்டி ஒரு தடவைக்கு 12 முதல் 15 கிலோ வையுங்கள். நாளுக்கு 300 கிலோவுக்கு மேல் வந்தால் திருகு சுழன்று பிழியும் ஸ்க்ரூ பிரஸ் வாங்குவதுதான் நியாயம்.

அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஜாக்கை ஏற்றினால் சோறு கூழாகி வலையின் கண் வழியாகப் பிதுங்கி வரும். தண்ணீர் உள்ளேயே நிற்கும். சோற்றுக்கு நடுவே தண்ணீர் ஓட வழி இல்லாததுதான் காரணம். 100 கிலோவுக்கு ஐந்து கிலோ கடலைத்தோலை முன்பே கலந்துவிடுங்கள், அல்லது ஒரு அடுக்கு காய்த்தோல், ஒரு அடுக்கு சோறு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். நான்கு தடவை அடித்து ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி அடிக்க வேண்டும். ஒரு பிழிச்சலுக்குப் பத்து நிமிடம். எடுத்த பிண்ணாக்கை உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் விரலிடுக்கில் சொட்டு வரக்கூடாது, கை ஈரமாகலாம்.

இப்போது உப்பு. குழம்பு, பொரியல் என்று சராசரியாக ஒரு சதவீதம் உப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால் 100 கிலோவில் ஒரு கிலோ. பிழியாமல் அப்படியே காயவைத்தால் அந்த ஒரு கிலோவும் 20 கிலோ உலர்பொருளோடு தங்கிவிடும், அதாவது 5%. உப்பின் எடையில் 60 சதவீதம் குளோரின். ஆக குளோரின் மட்டும் 3%. மரம் அல்லாத பெல்லட்டுக்கான ஐஎஸ்ஓ 17225-6 தரத்தில் முதல் வகைக்கு 0.10%, இரண்டாம் வகைக்கு 0.30% தான் உச்சவரம்பு. குளோரின் எரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி இரும்பைத் தின்னும்; புகை மெதுவாகக் குளிரும் இடத்தில் டயாக்சின் என்ற நச்சு உருவாகவும் அதுதான் மூலப்பொருள்.

உப்பு தண்ணீரில்தான் கரைந்திருக்கிறது. தண்ணீர் போகும் அளவுக்கு உப்பும் போகும். வெறுமனே பிழிந்தால் 80 லிட்டரில் 30 லிட்டர்தான் மிஞ்சும். உப்பும் எட்டில் மூன்று பங்கு, 375 கிராம். பிழிவதற்கு முன் 100 லிட்டர் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் கிளறிவிட்டுப் பிழிந்தால் ஆறில் ஒரு பங்கு, 167 கிராம்தான் தங்கும். அப்போது உலர்பொருளில் குளோரின் 0.5%. நான்கில் ஒரு பங்காகக் கலந்தால் பெல்லட்டில் 0.13%, ஐந்தில் ஒரு பங்காகக் கலந்தால் 0.10%. கழுவாத சரக்கைக் கலந்தால் 0.28 வரும், ஊறுகாய் கொஞ்சம் கூடுதலாக விழுந்த நாளில் அதுவும் எல்லை தாண்டும். காய்த்தோலுக்கு இந்தக் கழுவல் தேவையே இல்லை.

கழுவும் தண்ணீர் சூடாக, 60 டிகிரி அளவில் இருந்தால் எண்ணெயும் சேர்ந்து போகும். குளிர்ந்த நீரில் டால்டாவும் நெய்யும் உறைந்து சோற்றோடு ஒட்டிக்கொள்ளும். மொட்டைமாடி சோலார் ஹீட்டர் தண்ணீரே போதும்.

பிழிந்த நீரை மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். அரை நாளில் புளித்து நாறும், வடிகால் முழுக்கக் கொசுவும் புழுவும். எண்ணெய்ப் பொறித்தொட்டி வழியாக விட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்துவிட்டு, மீதியை எரிவாயுக் கலனுக்கோ கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கோ கொடுக்க வேண்டும். உப்பு உள்ளதால் செடிக்கும் ஆகாது. இதற்கு வழி செய்யாமல் ஜாக்கில் கை வைக்க வேண்டாம். கரைந்த சர்க்கரையும் மாவும் இந்த நீரோடு போகும் என்பதால் உலர்பொருளில் பத்தில் ஒரு பங்காவது குறையும். ஆக 20 கிலோ என்று கணக்குப் போட்டது கையில் 18 கிலோவாக நிற்கும்.

காயவைப்பது

பிழிந்த அன்றே பரப்பிவிட வேண்டும். ஓர் இரவு குவியலாகக் கிடந்தால் உள்ளே சூடேறி, மறுநாள் ஈ மொய்க்கும்.

பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் கொப்பரை காயவைக்கும் சூரியக் கூடார உலர்த்தியைப் பார்த்திருப்பீர்கள். வளைந்த குழாய்ச் சட்டம், அதன்மேல் 200 மைக்ரான் யூவி பாலிதீன், உள்ளே சல்லடைத் தட்டு. நமக்கு வேண்டியது அதேதான். உள்ளே நண்பகலில் 50 முதல் 65 டிகிரி வரும். ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகும் என்று கணக்கிட்டால் 27 லிட்டருக்கு 14 சதுர மீட்டர் வேண்டும். மேகமூட்டமான நாளையும் சேர்த்து 20 சதுர மீட்டராகக் கட்டிவிடுங்கள். ஒரு முனையில் காற்று நுழைய, மறுமுனையில் ஈரக்காற்றை வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். ஃபேன் இல்லாத கூடாரத்தில் பாலிதீனின் உட்பக்கம் நீர் முத்துமுத்தாகக் கோத்து மறுபடி சரக்கின்மேலேயே சொட்டும்.

பரப்பும் கனம் ஒன்றரை சென்டிமீட்டர். இதற்கு மேல் போனால் சோறு தன் குணத்தைக் காட்டும். மேல்புறம் வற்றல் மாதிரி விறைத்து ஓடு கட்டிவிடும். உள்ளே ஈரம் அடைபட்டுப் புளிக்கும். தட்டிப் பார்த்தால் காய்ந்த சத்தம், உடைத்துப் பார்த்தால் நடுவில் வெண்மையாகப் பிசுபிசுப்பு. எனவே முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மண்வாரியால் புரட்டி, கட்டிகளைக் கையுறை போட்டு உதிர்த்துவிட வேண்டும். இரண்டாம் நாள் காலை, மாலை புரட்டினால் போதும். பிண்ணாக்கின் எடையில் கால் பங்கு உலர்ந்த மரத்தூளை முதலிலேயே பிசிறிவிட்டால் கட்டி பிடிப்பதே பாதியாகக் குறையும், வாடையும் அடங்கும். நல்ல வெயிலில் மூன்று நாள்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கதை நடக்காது. வடகிழக்குப் பருவமழை அடிக்கும் நாட்களில் காய்த்தோலை மட்டும் எடுத்துக்கொண்டு, சோற்றுக் கழிவை எரிவாயுவுக்கோ உரத்துக்கோ திருப்பிவிடுவதே புத்திசாலித்தனம். மழையிலும் ஓட்டியே தீரவேண்டுமானால் வெந்நீர் பாய்லரின் புகைபோக்கிச் சூட்டைத் தட்டுகளுக்கு அடியில் குழாய் வழியே சுற்றவிடலாம். புகை நேராகச் சரக்கில் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள தூள் பற்றிக்கொள்ளும்.

ஈரம் அளக்க இயந்திரம் வேண்டாம். 100 கிராம் எடுத்து மைக்ரோவேவில் ஒவ்வொரு நிமிடமாகச் சூடாக்கி, ஒவ்வொரு முறையும் எடை பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு எடை ஒன்றாக வந்தால் நிறுத்துங்கள். 88 கிராமில் நின்றால் ஈரம் 12%. கருகும் வாடை வந்தால் அந்த மாதிரி கணக்கில் சேராது, வேறு எடுங்கள்.

அரைப்பதும் கலப்பதும்

10% ஈரத்துக்குக் காய்ந்த கழிவு கையில் மொடமொடவென உடையும். அப்போதுதான் பல்வரைசரில் (தூளாக்கும் அரவை மெஷின்) போட வேண்டும். ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் சல்லடை அடைத்து மாவு பாகாகும். எட்டு மில்லிமீட்டர் பெல்லட்டுக்கு நான்கு மில்லிமீட்டர் சல்லடை. தூளின் அளவு துளையின் பாதிக்கு மேல் போகக்கூடாது. ரொம்ப நைசாகவும் வேண்டாம். மாவாகவே இருந்தால் பெல்லட்டுக்குள் பிடிப்புக்கு நார் இருக்காது. அரைக்கும் அறையில் பீடி, வெல்டிங், திறந்த அடுப்பு எதுவும் ஆகாது. காற்றில் மிதக்கும் மாவுத்தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.

80 கிலோ கலவைக்கு நாங்கள் சொல்லும் அளவு: சாப்பாட்டுக் கழிவுத் தூள் 20 கிலோ, மரத்தூள் 40 கிலோ, கடலைத்தோல் தூள் 20 கிலோ. பிழியும்போதும் காயவைக்கும்போதும் சேர்த்த தோலையும் மரத்தூளையும் இந்தக் கணக்கிலேயே கழித்துக்கொள்ளுங்கள். கடலைத்தோல் கிடைக்காத ஊரில் சீமைக்கருவேலச் சிராய். ராமநாதபுரம் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. உமி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதுவும் பெரும்பாலும் சிலிக்கா. டையை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். தேங்காய் நார்க்கழிவில் உப்பும் பொட்டாசியமும் இருப்பதால் கழுவாமல் சேர்த்தால், மேலே பட்ட பாடெல்லாம் வீண். அறுவை மில்லில் வாங்கும் மரத்தூள் பச்சை மரத்தில் வந்ததென்றால் அதுவே 30, 40 சதவீத ஈரத்தோடு இருக்கும். பைக்குள் கை விட்டுக் குளிர்ச்சியாக இருந்தால் அதையும் காயவைத்தே ஆகவேண்டும்.

கலவையின் ஈரம் 12 முதல் 14%. அதிகம் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். 8% ஈரமுள்ள 100 கிலோவில் உலர்பொருள் 92. அதை 12 சதவீதத்துக்குக் கொண்டுவர மொத்தம் 104.5 கிலோ ஆகவேண்டும், அதாவது நாலரை லிட்டர். வெதுவெதுப்பான நீரைத் தெளிப்பானில் தூவிக் கிளறி, சாக்கில் கட்டி இரவு முழுக்க ஊறவிடுங்கள். தெளித்த கையோடு மெஷினில் போட்டால் ஒரு பெல்லட் உதிரும், அடுத்தது வெடிக்கும்.

எண்ணெய் ஆறு சதவீதத்துக்கு மேல் இருந்தால் எதுவும் பிடிக்காது. பழுப்புக் காகிதத்தில் ஒரு பிடி தூளை வைத்து மடித்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வடை கட்டின தாள் மாதிரி கறை பரவினால் அந்தச் சரக்கை இன்னும் மரத்தூள் போட்டு நீர்க்கச் செய்ய வேண்டும்.

மெஷினில்

7.5 எச்.பி. மும்முனை மின்சார ஃபிளாட் டை (தட்டையான டை வைத்த) மெஷின் மணிக்கு 60 முதல் 80 கிலோ தரும். டை எட்டு மில்லிமீட்டர் துளை, 40 மில்லிமீட்டர் கனம். ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதம். எண்ணெய்ப்பசை தீராத சரக்குக்கு 48 மில்லிமீட்டர் கனம் வாங்கலாம், தூள் துளைக்குள் கூடுதல் நேரம் உராய்ந்து இறுகும். ரோலருக்கும் டைக்கும் நடுவே விசிட்டிங் கார்டு ஒன்று இறுக்கமாக நுழையும் இடைவெளி, 0.3 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். இரண்டு ரோலருக்கும் ஒரே அளவாக வையுங்கள்.

புது டையில் நேரடியாகச் சரக்கைப் போடக்கூடாது. மரத்தூள் பத்து பங்கு, நைஸ் மணல் மூன்று பங்கு, பழைய சமையல் எண்ணெய் இரண்டு பங்கு கலந்து, வெளியே வருவதையே திரும்பத் திரும்ப உள்ளே போட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். துளைகளின் உட்புறம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகும். பிறகு எண்ணெய்த் தவிட்டை (எண்ணெய் பிசிறிய தவிடு) போட்டு மணலை முழுவதும் தள்ளிவிட வேண்டும்.

அன்றாடம் தொடங்கும்போதும் எண்ணெய்த் தவிடுதான் முதலில். பத்து நிமிடத்தில் டை 70, 80 டிகிரிக்கு வரும்.  அதன் பிறகு கலவையைச் சிறுகச் சிறுக, ஆனால் விடாமல் போடுங்கள். மின்னோட்டம் காட்டும் அம்மீட்டர் முள் ஒரே இடத்தில் நின்றால் கை சரியாக ஓடுகிறது என்று பொருள். சரக்கு ஹாப்பரில் (மெஷினின் மேல்வாய்) தொங்கி நின்றால் மரக்கட்டையால் தள்ள வேண்டும், கையை விடவே கூடாது. தோளில் துண்டு, முந்தானை, துப்பட்டா எதுவும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. கத்தி வைக்கும் உயரத்தை மாற்றினால் பெல்லட்டின் நீளம் மாறும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும்.

நிறுத்தும்போது மறக்காமல் மறுபடி எண்ணெய்த் தவிடு. துளைகளில் சாப்பாட்டுக் கலவை நின்றபடி ஆறினால் மறுநாள் அது சிமெண்டு. மாவுச்சத்து அப்படி இறுகும். ஒவ்வொரு துளையாக ஏழு மில்லிமீட்டர் கம்பியும் சுத்தியலும் கொண்டு தட்டி எடுக்க அரை நாள் போகும்.

கோளாறும் காரணமும்

வெளியே வருவது பெல்லட்டாக இல்லாமல் தூளாகவே கொட்டினால் மூன்றில் ஒன்று: டை சூடாகவில்லை, கலவை அதிகம் காய்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய் கூடுதல். முதலில் இன்னும் பத்து நிமிடம் எண்ணெய்த் தவிடு ஓட்டிப் பாருங்கள். சூடு வந்தும் தூளென்றால் ஒரு கைப்பிடி கலவையை இறுக்கிப் பாருங்கள். கை திறந்ததும் முழுக்க உதிர்ந்தால் ஈரம் போதாது. பிடித்து நிற்கிறது, ஆனாலும் பெல்லட் ஆகவில்லை என்றால் எண்ணெய்தான்.

பெல்லட் மெத்தென்று, விரலால் அழுத்தினால் நசுங்கி, உடம்பில் குறுக்கு வெடிப்போடு வந்தால் ஈரம் அதிகம். உள்ளே அடைபட்ட நீராவி டையை விட்டு வெளியே வந்ததும் ஊதிப் பிளக்கிறது. ஈர மரத்தூளை உலர்ந்ததாக நினைத்துச் சேர்த்த நாளில்தான் இது அதிகம் நடக்கும். பட்பட்டென்று சத்தம் கேட்டாலும் அதே காரணம்.

மேற்புறம் கறுத்துப் பளபளத்து, கருகல் வாடை வந்தால் கலவை ரொம்பக் காய்ந்து உராய்வு கூடியிருக்கிறது. கொஞ்சம் நேரத்தில் மோட்டார் டிரிப் ஆகும். அதற்கு முன்பே ஒரு குவளை எண்ணெய்த் தவிட்டைப் போட்டுத் தளர்த்திவிடுங்கள்.

ரோலர் சுழலாமல் வழுக்கினால் டைமேல் எண்ணெய்ப் பசை படலமாகப் படிந்திருக்கும். நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுரண்டி எடுங்கள். பாதித் துளைகளில் மட்டும் பெல்லட் வந்தால் நார் அடைத்திருக்கிறது. வாழை இலையோ கரும்புச்சக்கையோ சரியாக அரைபடவில்லை.

ஆறவைத்து மூட்டை கட்டுவது

டையை விட்டு வரும் பெல்லட் 70, 80 டிகிரி சூட்டில் லேசாக வளையும். பயப்பட வேண்டாம், ஆறினால்தான் இறுகும். கம்பிவலைத் தட்டில் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி மேஜை ஃபேன் போட்டால் அரை மணி நேரம். சூட்டோடு மூட்டை கட்டினால் உள்ளே வியர்த்து, ஒரு வாரத்தில் பச்சைப் பூஞ்சணம் பூக்கும்.

ஆறிய பெல்லட்டில் நான்கைந்தை ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் இறுக்கம் சரி, மிதந்தால் தளர்ச்சி. பத்து பெல்லட்டை ஆள் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டு, எத்தனை உடையாமல் மிஞ்சுகின்றன என்று எண்ணுங்கள். ஒன்பது தேறவில்லையென்றால் விற்பனைக்கு ஆகாது, உங்கள் அடுப்புக்கே போட்டுக்கொள்ளலாம்.

மரப் பெல்லட்டுக்கு இல்லாத ஒரு தொல்லை இதற்கு உண்டு. எலி, எறும்பு, வண்டு மூன்றுக்கும் இது தீனி. நெல் மூட்டைக்குச் செய்வதையே செய்யுங்கள்: தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கட்டைமேல், சுவரைத் தொடாமல், உள்ளே பாலிதீன் உறை போட்ட சாக்கில். ஒரு மாதத்துக்குள் எரித்துவிடுவது நல்லது. மூடிய சிறு அறையில் நிறையக் குவித்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும் என்பதால், கதவைத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே உள்ளே போக வேண்டும்.

எரிப்பது

ஊதுகாற்று வைத்த ஹோட்டல் பெல்லட் அடுப்பு, புகைபோக்கி உள்ள பாய்லர் இரண்டுதான் இதற்குப் பொருத்தம். வீட்டு விறகடுப்பில் வேண்டாம். தந்தூர், கரி கிரில் மாதிரி புகை நேராக உணவில் படும் அடுப்பிலும் கூடாது. பாய்லரில் எரிப்பதானால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் இந்த எரிபொருள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். விற்கப் போகிறீர்கள் என்றால் ஆய்வகத்தில் குளோரின், நைட்ரஜன், சாம்பல், சாம்பல் உருகும் வெப்பநிலை, எரிசக்தி ஐந்தையும் கேட்டு வாங்குங்கள். எரிசக்தியை மட்டும் அச்சடித்த தாள் போதாது.

கிலோவுக்குச் சுமார் 3,800 கிலோகலோரி கிடைக்கும். 19 கிலோ வணிக காஸ் சிலிண்டரில் உள்ள வெப்பத்துக்கு 55 கிலோ பெல்லட் ஈடு. ஆனால் பெல்லட் அடுப்பு காஸ் அடுப்பு அளவுக்கு வெப்பத்தைப் பாத்திரத்தில் சேர்க்காது. 75, 80 கிலோ ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஒரு நாள் கலவை, ஏறத்தாழ ஒரு சிலிண்டர்.

எரியும் தட்டில் சாம்பல் பொடியாக இல்லாமல் கண்ணாடிக் கட்டி மாதிரி உருகி நின்றால் சோடியமும் பொட்டாசியமும் கூடிவிட்டன. கழிவின் பங்கை 15 சதவீதத்துக்கு இறக்குங்கள், வாழை இலையை நிறுத்துங்கள். அப்படியும் தீரவில்லையென்றால் கலவையில் ஒரு சதவீதம் கயோலின் களிமண் சேர்க்கலாம். சாம்பல் உருகும் வெப்பநிலை ஏறும், சாம்பலின் அளவும் கொஞ்சம் ஏறும். அதுவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கம்பியால் கிளறிக் கட்டியை உடைத்துவிட வேண்டும். விட்டால் ஊதுகாற்றின் துளையை மூடிக்கொண்டு புகை திரும்பும்.

பாத்திரத்தின் அடியிலோ பாய்லர் குழாயிலோ வெள்ளையாக, நாக்கில் வைத்தால் கரிக்கும் போலிருக்கும் படலம் தெரிந்தால் (வைத்துப் பார்க்க வேண்டாம்) கழுவும் தொட்டிக்குப் போய்ப் பாருங்கள். யாரோ தண்ணீர் ஊற்றாமல் பிழிந்திருப்பார்கள். அந்தப் படலத்தை உலர்ந்த பிரஷ்ஷால் அன்றே தட்டிவிட வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து தகட்டில் ஊறி, ஓரிரு மழைக்காலத்தில் துரு ஓட்டை போட்டுவிடும். சாம்பலையும் தோட்டத்தில் கொட்டாதீர்கள். அந்த உப்பு அங்கேயும் வேரைக் கருக்கும்.